ரேடியேட்டரில் மஞ்சத்தூள்

உள்ள பூந்தாச்சு, வெளிய எப்படி வர்றதுன்னுதான் தெரியல. அம்பாசடர் வண்டிக்கு அடியில அம்பத்திரெண்டு வயசுப் பொம்பளை ஒருத்தி பழைய போர்வையை விரிச்சு மல்லாக்கப் படுத்துக் கெடக்கறா, ஒரு கையில செல்லு டார்ச்சு, இன்னொரு கையில கரித்துணி, சேலைக்கு மேல புருசனோட முழுக்கைச் சட்டை, கேட்டுக்குப் பக்கத்துல நின்னு யாராச்சும் பார்த்தா வண்டி ஏறிப்போச்சுன்னு ஆம்புலன்சுக்குப் போன் பண்ணிருவாங்க. ஏறல சாமி, நானாத்தான் வந்து படுத்திருக்கறேன். பேரு கோகிலவாணி, ஊரு கோயமுத்தூரு கணபதி, தொழிலு பதினாலு மாசமா இவியளப் பார்த்துக்கறது. இவியன்னா எங்கூட்டுக்காரரு, தெய்வசிகாமணி. மணி ஒம்பது அஞ்சு. பத்தேகாலுக்கு இந்த வண்டி கேட்டைத் தாண்டோணும். பதினோரு மணிக்குக் காரமடைக்கு அக்கட்ட ஒரு பள்ளிக்கூடத்துல என்னையப் பார்க்கறேன்னு சொல்லியிருக்கறா சரளா. காலேஜுல கூடப் படிச்சவ, இப்ப அந்தப் பள்ளிக்கூடமே அவளோடது. லைப்ரரிக்கு ஆள் வேணுமாம். காத்தால எட்டரையில இருந்து நாலரை வரைக்கும் புஸ்தகத்துக்கு நம்பர் போட்டு அடுக்கோணும், புள்ளைங்க கத்தினா கம்முனு இருங்கன்னு சொல்லோணும், அவ்வளவுதான். மூணு வெள்ளிக்கெழமையா வர்றேன் வர்றேன்னு சொல்லி மூணு தடவையும் நான் போகல. “இந்த வெள்ளிக்கெழமை பார்ப்பேன் வாணி, வரலீனா அந்தச் சேருல வேற ஆளை உக்கார வெச்சிருவேன், நீ தப்பா நெனைக்கக்கூடாது”ன்னு முந்தாநேத்துப் போன்ல சொல்லிப்போட்டா. பஸ்ஸுல போலாமேன்னு கேப்பீங்க. இன்னைக்கு ஒருநாள் போலாம், தெனமும் எப்படிப் போறது? ரெண்டு பஸ்ஸு மாறி வீடு வந்து சேர ஏழு மணி ஆயிரும். வேலை கெடைச்சா தெனமும் வந்து இவியளப் பார்த்துக்கறேன்னு பட்டறையில இவியகிட்ட வேலை பார்த்த சகாயம் சொல்லியிருக்கறாரு, ஆனா ஆறு அடிச்சா கெளம்பிருவாரு, அவருக்கும் வீடு வாசல் இருக்குதுல்ல. வண்டி ஓடினாத்தான் வேலை. ரேடியேட்டர்ல தண்ணி நின்னாத்தான் வண்டி ஓடும். அந்தத் தண்ணி எங்க போகுதுன்னு இன்னைக்குக் கண்டுபுடிச்சே ஆகோணும்.

முன்சக்கரம் ரெண்டையும் ரெண்டு மரக்கட்டை மேல ஏத்தி நிறுத்தியிருக்கறேன், அப்படியும் அரையடிதான் எச்சா கெடைச்சிருக்குது, மூச்சு உள்ள இழுத்தா நெஞ்சு மேல இரும்பு முட்டுது. அதனால பாதி மூச்சு. திரும்பிப் படுக்க எடமில்ல, மூக்கு அரிச்சாச் சொரிய எடமில்ல. இப்பப் பார்த்துத்தான் மூக்கு அரிக்கும். தலைக்கு மேல ரேடியேட்டரோட அடிப்பக்கம், அதுக்குப் பின்னாடி பம்பு, ஹோஸு, பெல்ட்டு, எல்லாத்துக்கும் இப்ப எனக்குப் பேரு தெரியும், போன மாசம் வரைக்கும் எல்லாமே ஒரே கருப்புதான். சிவனேன்னு மேல பார்த்துட்டே இருக்கறேன். எட்டரை மணிக்கு ரேடியேட்டர் நெறையத் தண்ணி ஊத்தினேன், எங்க இருந்து சொட்டுதுன்னு பார்க்க வந்து படுத்தேன், அரை மணி நேரமா ஒரு சொட்டு வரல. இதுதான் எனக்குப் புரியவே மாட்டீங்குது. சாயங்காலம் ஊத்தி மூடினா காத்தால காலி, கீழ மணலு சொதசொதன்னு ஈரம். கண்ணுல எண்ணெய ஊத்திப் பார்த்தா ஒண்ணும் இல்ல. பார்க்கறப்ப ஒழுகாதாம், பார்க்காதப்பத்தான் ஒழுகுமாம், நல்லா இருக்குது நாயம்! வண்டிக்கு வெளிய பம்பருக்கு நேரா ரெண்டு காலு தெரியுது. எடது காலு செருப்புக்குள்ள சரியா இருக்குது, வலது காலு வீங்கி செருப்புக்கு மேல ஒக்காந்திருக்குது. பக்கத்துல அந்த நாலு கால் குச்சி. பிளாஸ்டிக் சேர்ல இவிய உக்காந்து எனக்குக் காவல் இருக்கறாங்க. “தெரியுதா?”ன்னு கொரலு வருது. வாதம் வந்த பொறவு இவியளுக்கு வார்த்தை எல்லாம் ஒண்ணொண்ணாத்தான் வரும். “ஒண்ணும் தெரியலீங் மாமா.” “பம்பு... பாரு.” “பம்பு காஞ்சு கெடக்குதுங்.” “ஹோஸு.” “அதும் காஞ்சுதான் கெடக்குது.” மறுபடியும் “பாரு, பாரு”ங்கறாங்க. பார்த்துட்டுத்தானே இருக்கறேன், பின்ன இங்க என்ன தூங்கவா வந்தேன்? இப்படி வெடுக்குனு மனசுக்குள்ளயே பேசிப் பழகிப்போச்சு. வெளிய சொன்னா சீக்காளி மனுசன் கிட்ட மல்லுக்கட்டறான்னு ஒறமொறை சொல்லும்.

இந்த வண்டியப் பத்திச் சொல்லோணும்னா, இருவத்தெட்டு வருசமா என்ற எடம் பின்சீட்டுதான். அறுவத்தெட்டு மாடலு, எங்க மாமனாரு வாங்கினது. இவிய லேத்துப் பட்டறை வெச்சிருந்தவிய, இரும்பைத் தொட்டுப் பார்த்தே எத்தனை நூலு கனம்னு சொல்லுவாங்க, ஆனா இந்த வண்டிய மட்டும் பட்டறைப் பசங்க யாரையும் தொட வுட்டதில்ல. ஞாயித்துக்கெழமை காத்தால எண்ணெய் தேச்சுக் குளிக்கறதுக்கு முந்தி வண்டிக்குத்தான் குளியலு. நான் கதவைச் சாத்தினா “மெதுவா”, மக தாரணி சன்னலைத் தொடைச்சா “கை ரேகை”. புள்ளைய அதட்டினதுல பாதி இந்த வண்டிக்காகத்தான் இருக்கும். ஒருக்கா, கண்ணாலமான புதுசுல, நானும் ஓட்டப் படிக்கட்டுமான்னு கேட்டேன். இவிய கோவிச்சுக்கல, சிரிச்சாங்க. கோவிச்சிருந்தாக் கூடத் திருப்பிக் கேட்டிருப்பேன், சிரிச்சதுல வாய மூடினவ இருவத்தேழு வருசம் தொறக்கல. அப்பறம் பட்டறையில நின்னவாக்குல ஒருநாள் வலது பக்கம் பூராவும் வுழுந்துபோச்சு. ஆஸ்பத்திரியில இருவது நாளு. திரும்பி வர்றப்ப வாடகைக் காரு, வீட்டுல இந்த வண்டி துணி போத்தி நிக்குது, எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பத்திட்டு வந்துது. தாரணி பெங்களூர்ல இருந்துக்கிட்டு அம்மா நீ டிரைவிங் ஸ்கூலுக்குப் போன்னு நச்சரிச்சு, மகன் வயசுல ஒரு பையன் எனக்குக் கிளச்சு சொல்லிக் குடுத்து, எட்டுப் போட்டு லைசென்சு வாங்கி, எல்லாம் இவிய தூங்கற மதியத்துல. லைசென்சைக் கொண்டாந்து காட்டினப்ப இவிய ரொம்ப நேரம் அந்தப் போட்டோவையே பார்த்தாங்க. “நல்லா... இருக்குது”ன்னாங்க. போட்டோவச் சொன்னாங்களா, நான் படிச்சதச் சொன்னாங்களா, இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

மொதல் வெள்ளிக்கெழமை ஜம்முனு கெளம்பினேன். சகாயம் கேட்டைத் தொறந்து வுட்டாரு, இவிய சன்னல்ல நின்னு பார்த்தாங்க. கணபதி பஸ் ஸ்டாப்பு தாண்டல, முன்னாடி பொகை. ஆவியா, நெருப்பான்னு தெரியாம நான் கத்தின கத்துல பேக்கரியில டீ குடிச்சுட்டு இருந்தவிய எல்லாம் ஓடியாந்துட்டாங்க. ரேடியேட்டர்ல பொட்டுத் தண்ணி இல்லீங்களே அக்கா, பார்க்காமயா எடுத்தீங்கன்னு ஒருத்தன் கேட்டான். மானம் போச்சு. தள்ளிட்டு வந்து நிறுத்தினோம். இவிய திட்டுவாங்கன்னு பார்த்தேன், திட்டல. “ஒழுகுது... பார்க்கோணும்”ன்னாங்க. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் இந்த வித்தை. மேல் ஹோஸு வெடிச்சிருக்கும்னு அதை மாத்தினோம். நான் மாத்தினேன், இவிய சேர்ல உக்காந்து சொன்னாங்க. எட கைய ஆட்டி ஆட்டி, இப்படித் திருகு, அப்படித் திருகாத, கிளிப்பை ரொம்ப இறுக்காத, ரப்பரு அறுந்துரும். ரெண்டாவது வெள்ளிக்கெழமை காத்தால மறுபடி காலி, பம்புக்கு அடியில இருக்கற பேக்கிங் அட்டை போயிருக்கும்னாங்க. பம்பையே கழட்டினேன், நானு! நாலு போல்ட்டு, அதுல ஒண்ணு தெனாவெட்டா நின்னுது, ரெண்டு நாளு எண்ணெய் வுட்டு ஊற வெச்சுக் கழட்டினேன். அட்டைய வெட்டிக் கிரீஸ் தடவி ஒட்டினேன். மூணாவது வெள்ளிக்கெழமை மறுபடி காலி. ரெண்டு கேன்ல தண்ணிய வெச்சுட்டு ஊத்திக்கிட்டே போறேனேன்னா, “நடுவழியில... இஞ்சின் சீஸு”ங்கறாங்க, சூட்டுல இஞ்சின் இறுகி நின்னுருமாம். கார் பட்டறைக்காரனைக் கூப்பிடட்டுமான்னா முகம் சுண்டிப்போகுது. ஆனா ஒண்ணு சொல்லோணும், பொய் சொன்னா நாக்கு அழுகிரும். இந்த மூணு வாரம் நானும் இவியளும் பேசின மாதிரி இருவத்தெட்டு வருசத்துல பேசினதில்ல. சோத்துக்கு உப்பு போதுமா, மாத்திரை போட்டீங்களா, இதைத் தவிர எங்களுக்கு என்ன பேச்சு இருந்துது? இப்ப என்னடான்னா நான் ஒரு போல்ட்டைக் கழட்டித் தூக்கிக் காட்டினா இவிய மொகத்துல ஒரு வெளிச்சம். “ஆம்பளை... தோத்தான்”ன்னு ஒருநாள் சொல்லிச் சிரிச்சாங்க, எச்சில் ஒழுகிச்சு, நான் தொடச்சு வுட்டேன், எனக்கும் சிரிப்பு. அதுக்காகவே இந்த வண்டி இன்னும் கொஞ்ச நாளைக்கு ஒழுகட்டுமேன்னு ஒரு கெட்ட புத்தி ஒரு நிமிசம் வந்துது. அடுத்த நிமிசமே அந்த லைப்ரரிச் சேரு ஞாபகம் வந்துருச்சு.

செவ்வாக்கெழமை சாயங்காலம்தான் மஞ்சத்தூள். நான் சலிச்சுப்போய்ப் படியில உக்காந்துட்டேன், இனி என்னால முடியாது, பட்டறைக்கு அனுப்பறேன், யாரு மொகம் சுண்டினாலும் சரின்னு சொல்லிப்போட்டேன். இவிய அவசர அவசரமா, “மஞ்ச... மஞ்சத்தூளு”ங்கறாங்க. எனக்கு வெளங்கல, சமையலுக்கான்னு கேட்டேன். லாரிக்காரங்க பண்ற வைத்தியமாம். ரேடியேட்டர்ல சின்ன ஓட்டை இருந்தா ஒரு ஸ்பூனு மஞ்சத்தூளைப் போட்டு ஓட்டினா, தண்ணியோட போய் ஓட்டையில அப்பிக்குமாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு, இஞ்சினுக்கும் ரசம் வெக்கறதான்னு. ஆனா போட்டேன். ஒரு ஸ்பூனெல்லாம் எனக்குப் பத்தாது, எதுலயும் கை தாராளம், ஈரோட்டுல இருந்து எங்கண்ணன் கொண்டாந்து குடுத்த பாக்கெட்டுல பாதியக் கொட்டிக் கலக்கிப் போட்டேன். தண்ணி கெட்டி மஞ்சளா நின்னுது. புதன்கெழமை ஒழுகல. நேத்து ஒழுகல. அப்பாடான்னு நேத்தே சேலைய இஸ்திரி போட்டு வெச்சேன். காத்தால அஞ்சரைக்குப் பால் வாங்கப் போயிட்டு வந்து மூடியத் தொறந்தா, கெரகம், காலி. அங்கயே உக்காந்து அழுதிருப்பேன், அதுக்குள்ள இன்னொரு வெசனம் வந்து சேர்ந்துக்கிச்சு. ஆறு மணிக்கு இவிய துணிய நனைச்சு சோப்புப் போடறேன், பனியனோட கைப்பக்கம் செவப்பா ஊறுது. ரத்தம்! எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ரத்தம் கெட்டியாகாம இருக்கறதுக்கு மாத்திரை சாப்பிடறவிய, சின்னதா ஒரு கீறல் வுழுந்தாக் கூட நிக்காது, ஒடனே தூக்கிட்டு வாங்கன்னு டாக்டரு நூறு தடவை சொல்லியிருக்கறாரு. ஓடிப்போய் முழங்கையத் தூக்கிப் பார்க்கறேன், கையப் பொரட்டிப் பார்க்கறேன், ஒரு கீறல் இல்ல. “எங்கீங் மாமா வலிக்குது?”ன்னா “எங்கயும்... இல்ல”ங்கறாங்க, கைய வெடுக்குனு இழுத்துக்கறாங்க. காயம் இல்லாம ரத்தம் எங்க இருந்து வரும்? வயித்துல இருந்தா? வாயில இருந்தா? இங்க படுத்திருக்கறப்பவும் அந்தச் செவப்புத்தான் கண்ணுக்குள்ள நிக்குது. நான் காரமடையில நம்பர் போட்டுட்டு இருக்கறப்ப இவிய இங்க ரத்தம் கக்கினா? போகாதேன்னு சொல்றதுக்குன்னே ஒண்ணொண்ணும் வருதா? ரேடியேட்டரும் ஒழுகுது, இவியளும் ஒழுகறாங்க, நான் ரெண்டுக்கும் நடுவுல மல்லாந்து கெடக்கறேன்.

அப்பத்தான் ஒரு சொட்டு நெத்தியில வுழுந்துது. அட என்ற சாமி! டார்ச்சை ஆட்டாமப் புடிச்சேன். ரேடியேட்டரோட அடிமூலையில ஒரு பித்தளைக் குழா இருக்குது, சுண்டுவெரல் பருமன், தண்ணி பூராவும் வடிக்கோணும்னா அதைத் தொறக்கறது, மத்தபடி யாரும் அதை நெனைக்கவே மாட்டாங்க. அதோட வாயில இன்னொரு சொட்டு, மஞ்சளா, மெதுவா உருண்டு தெரண்டு நிக்குது. வுழுமா வுழாதான்னு மூச்சப் புடிச்சுப் பார்த்தேன், வுழுந்துது. இவ்வளவுதானா! ஒரு குழா சரியா மூடலையா! ஹோஸை மாத்தி, பம்பைக் கழட்டி, மூணு வாரம் நாயா அலைஞ்சேனே, கொறடு வெச்சு ஒரு திருகு திருகியிருந்தா முடிஞ்சிருக்குமே. கத்தலாம்னு வாயத் தொறந்தேன், மாமா கெடைச்சுருச்சுங்னு சொல்லலாம்னு. சொல்லல. ஏன்னா அந்தக் குழாயோட காது இருக்குதுல்ல, திருகறதுக்கு வண்ணாத்திப்பூச்சி ரெக்கை மாதிரி ரெண்டு காது, அதுல மஞ்சளா அப்பியிருந்துது. தண்ணி கீழ்நோக்கித்தானே போகும், மேல இருக்கற காதுல எப்படி மஞ்சளு ஏறும்? டார்ச்சைக் கிட்டக் கொண்டு போனேன். வெரல் தடம். ஒரு பக்கம் கட்டைவெரலு, இன்னொரு பக்கம் ஆள்காட்டி வெரலு, காஞ்சு ஒட்டியிருக்குது, ரேகை கூடத் தெரியுது. மஞ்சத்தூள் போட்ட பொறவு நான் இதைத் தொடவே இல்ல. நான் மட்டும் இல்ல, யாருமே வண்டிகிட்ட வரல, சகாயம் போன வெள்ளிக்கெழமையோட சரி. அப்பறம்தான் அந்தப் பனியன். மஞ்சக்கறை மேல சோப்புப் பட்டா செவப்பா மாறும்னு பாவாடை கட்டற புள்ளைக்குக் கூடத் தெரியும். முப்பது வருசமா மூணு வேளை சமைச்சுத் தொவைக்கற மூதேவி எனக்கு, ரத்தம்னு ஒரு பயம் வந்ததும் அறிவு பூராவும் வெளிய போயிருச்சு. அது ரத்தம் இல்ல. அது என்ற மஞ்சத்தூளு.

வண்டி மேல வந்து உக்காந்துட்ட மாதிரி இருந்துது. அப்பறம் வந்துது பாருங்க, கோவமா, என்னன்னே சொல்லத் தெரியாத ஒண்ணு. நான் பால் வாங்கப் போற இருவது நிமிசம். கட்டில்ல இருந்து எந்திரிச்சு, குச்சிய ஊனி, ஆசாரக் கூடம் தாண்டி, மூணு படி எறங்கி, பம்பருக்கு முன்னாடி மண்டி போட்டு, மணல்ல ஒருச்சாச்சுப் படுத்து, எடது கைய உள்ள வுட்டுத் தொறந்து, தண்ணி வடியற வரைக்கும் கெடந்து, மறுபடி மூடி, எந்திரிச்சு, மணலைக் குச்சியால நெரவி வுட்டு, மறுபடி படியேறிப் போய், நான் வர்றப்ப போத்திப் படுத்துக்கிட்டு, “பாலு... வந்துதா?” இந்த வாயில கேட்டாங்க! மண்டி போடுங்க ஐயா, ஒரே ஒருக்கா தரையில உக்காந்து எந்திரிங்க ஐயான்னு எக்சர்சைசு பண்ண வெக்கற பையன் ஜெபராஜ் எத்தனை நாளு கெஞ்சியிருப்பான். முடியல, முடியலன்னு தலைய ஆட்டுவாங்க, நான் போய் இடுப்புல கையக் குடுத்துத் தூக்குவேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை, என்ற முதுகெலும்பு தேய்ஞ்சு போச்சு. எந்திரிக்கறாங்க! இவிய எந்திரிக்கறாங்க! எனக்கு இங்கயே கை தட்டலாம்னு இருக்குது, அதே நேரத்துல இந்தக் குழாயப் புடுங்கி மண்டையில போடலாம்னும் இருக்குது, ரெண்டும் ஒண்ணாத்தான் வருது, என்ன பண்ணச் சொல்றீங்க? எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கிட்டேனோ அந்தச் சாமி காது குடுத்திருக்குது, ஆனா எதுக்குன்னு பாருங்க, என்னையப் பூட்டி வெக்கறதுக்கு. பட்டறைக்கு அனுப்பறேன்னதும் மஞ்சத்தூளுன்னு தவிச்சாங்களே, அது வைத்தியம் இல்ல, இன்னும் நாலு நாளைக்கு என்னைய இங்கயே சுத்த வெக்கறதுக்கு. ஹோஸு, பம்பு, பேக்கிங்கு, சொல்லிக் குடுத்தது அத்தனையும் அதுக்குத்தானா? நான் போல்ட்டைத் தூக்கிக் காட்டினப்ப வந்த வெளிச்சமும் நடிப்பா? இல்ல, அது நடிப்பில்ல, அது எனக்குத் தெரியும். அதனாலதான் கோவம் முழுசா வர மாட்டீங்குது. அந்தச் செருப்பு ரெண்டும் அசையாம எனக்கு நேரா இருக்குது.

இவியளச் சொல்லிக் குத்தமில்லன்னும் ஒரு நெனப்பு வருது, அதை ஒதுக்கித் தள்ளறேன், மறுபடி வருது. மொதல் வெள்ளிக்கெழமை நான் கெளம்பினப்ப புதுச்சேலை கட்டினேன். கண்ணாடி முன்னாடி என்னமோ பாட்டை முணுமுணுத்தேன். கட்டில்ல இருந்து இவிய பார்த்துட்டே இருந்தாங்க. கேட்டைத் தாண்டினதும் எனக்கு என்ன தோணுச்சு? உண்மையச் சொல்லு வாணி, இங்க யாரு கேக்கப் போறா? காரமடையில திரும்பாம நேராப் போனா மேட்டுப்பாளையம், அதுக்கும் மேல மலை, பெட்ரோலு இருக்கற வரைக்கும் போலாமேன்னு தோணுச்சா இல்லையா? தோணுச்சு. ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம், பஸ் ஸ்டாப்புல பொகை வர்ற வரைக்கும். அதை யாருகிட்டயும் சொல்லல, தாரணிகிட்டக் கூட. இவியளுக்கு எப்படித் தெரிஞ்சுது? இருவத்தெட்டு வருசம் பின்சீட்டுல இருந்து நான் இவிய பொடனியப் பார்த்து மனசு என்னன்னு சொல்லுவேன், இவியளுக்கும் அந்த மாதிரி என்னையத் தெரியுமாட்ட இருக்குது. இப்பக் கம்முனு இந்தக் குழாய நான் இறுக்கிட்டு, பம்புதானுங் மாமா, சரி பண்ணிட்டேன்னு சொல்லிட்டு வெளிய வந்தா ஒரு வம்பும் இல்ல. இவிய மானம் போகாது. நாளைக்குக் காத்தால வேற எதையாவது தொறப்பாங்க. நான் தேடுவேன். இவிய சொல்லிக் குடுப்பாங்க. நல்லாப் பேசிச் சிரிச்சுக்கிட்டே ரெண்டு பேரும் இந்தக் கார் செட்டுக்குள்ளயே சாகலாம். மணி ஒம்பதே முக்கால். நெஞ்சு மேல இரும்பு, பாதி மூச்சு, இதுக்கு மேல என்னால இப்படிப் படுத்திருக்க முடியாது.

“மாமா”ன்னேன். “ம்?” “தண்ணி வடிக்கற குழாதானுங் ஒழுகுது.” செருப்புக்குள்ள எடது கால் வெரலு மட்டும் மடங்குச்சு. “கொறடு... தர்றேன். இறுக்கு.” “எனக்கு எட்டலீங் மாமா. நீங்க வந்து இறுக்குங்க.” “என்னால...” “காத்தால பண்ணின மாதிரியே பண்ணுங்க.” சொல்லிட்டேன். ரோட்டுல ஏதோ வண்டி போச்சு, பக்கத்து வீட்டுல குக்கர் விசில் அடிச்சுது, நான் எண்ணினேன், நாலு விசிலு. அப்பறம் சேரு கிறீச்சுன்னுது. குச்சி மணல்ல ஊனுது. ஒரு கை பம்பர் மேல படற சத்தம், ஒரு முழங்காலு, ரொம்ப நேரம் கழிச்சு இன்னொரு முழங்காலு, புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு. மெதுவா இவிய மொகம் கீழ வந்துது, மணல்ல கன்னம் பட, வண்டிக்கு அடியில என்னையப் பார்த்துது. பதினாலு மாசமா நான் குனிஞ்சுதான் இந்த மொகத்தைப் பார்த்திருக்கறேன். இப்ப ரெண்டு தலையும் ஒரே தரையில கெடந்துது. கண்ணுல தண்ணி நின்னுது. “எப்படி... தெரிஞ்சுது?” “மஞ்சத்தூளு.” வாயோட ஒரு பக்கம் மட்டும் சிரிச்சுது. “ஒரு... ஸ்பூனுதானே... சொன்னேன்.” இந்த நேரத்துலயும் என்ற கைத்தாராளத்தைக் குத்தம் சொல்லாம இருக்க முடியல பாருங்க. எடது கை நீண்டு வந்து அந்தக் காதைப் புடிச்சுது, பட்டறைக்காரர் கை, நரம்பு பொடைக்க ஒரு திருகு. நானும் டார்ச்சு அடிச்சுப் பார்த்துட்டே இருந்தேன். சொட்டு நின்னுபோச்சு. கைய எடுக்காமயே கேட்டாங்க, “வருவியா?” ஒரே வார்த்தை, தடங்கலே இல்லாம வந்துது. வருவேங், பின்ன வராம எங்க போவேன்னு சொல்றதுதான் வழக்கம். அது வாய் வரைக்கும் வந்துது. “தெனமும் போவேங் மாமா”ன்னேன். “போயிட்டு வருவேன். ஆனா தெனமும் போவேன்.” இவிய கண்ண மூடிக்கிட்டாங்க. கை குழாயில இருந்து கழண்டு மணல்ல வுழுந்துது.

நான் பக்கவாட்டுல குதிகாலை ஊனி ஊனி வெளிய வந்தேன், சட்டையக் கழட்டி உதறினேன், முழு மூச்சு ஒண்ணு இழுத்தேன். வண்டிக்கும் கேட்டுக்கும் நடுவுல இவிய ஒருச்சாச்சுக் கெடக்கறாங்க. கையத் தூக்கி என் பக்கம் நீட்டறாங்க, பதினாலு மாசமா நீட்டற அதே மாதிரி. என்ற இடுப்பு தானாக் குனியப் பார்த்துது. அதைப் புடிச்சு நிறுத்தறது இருக்குதே, பம்போட நாலாவது போல்ட்டைக் கழட்டறதெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமில்ல. “எந்திரிங்க”ன்னேன். பத்து மணி, சரியாச் சகாயம் கேட்டைத் தொறந்துட்டு வந்தாரு, ஐயோ ஐயா வுழுந்துட்டாங்களான்னு பையக் கீழ போட்டுட்டு ஓடியாராரு. “அங்கயே நில்லுங்க சகாயம். யாரும் தொடாதீங்க.” அந்த மனுசன் என்னைய ஒரு ராட்சசியப் பார்க்கற மாதிரி பார்த்தாரு. பார்க்கட்டும். வுழுந்துருவாங்களோ, தலை அடிபட்டுருமோ, ரத்தம் நிக்காதே, இது கொலைதானேன்னு ஓடுது மனசு, ஆனா நான் அசையல. இவிய என்னைய ஒருக்காப் பார்த்தாங்க, நெசமாத்தான் சொல்றாளான்னு. அப்பறம் நீட்டின கைய மடக்கிக்கிட்டாங்க. முழங்கைய ஊனிப் பொரண்டு, ஒரு முழங்காலு, பம்பரைப் புடிச்சு இன்னொரு முழங்காலு, வலது காலு வராது, அதை இழுத்து இழுத்து வெச்சு, நடுவுல ஒருக்கா வழுக்கி, கெட்ட வார்த்தை ஒண்ணு சொல்லி, நாலு நிமிசம் ஆச்சு. எந்திரிச்சுட்டாங்க. மீசையில மணலு, பனியன் பூரா மண்ணு, பம்பரைப் புடிச்சுக்கிட்டு எனக்கு நேரா நிமிர்ந்து நின்னாங்க. நான் அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்துது. இவிய என்னைய விட ஒரு தலை ஒசரம், அது எனக்கு மறந்தே போயிருந்துது.

“தள்ளி நில்லுங் மாமா”ன்னேன், “வண்டிய எடுக்கோணும்.”